பெட்டியில் அடங்காத நான்காவது வரி

கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறவர்களை நான் வெகுநாள் இளக்காரமாகத்தான் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயிலில், ஒரு திரைக்கு ஆறு சொல் என்று ஊர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுச் சண்டையை எதிர் இருக்கையில் இருப்பவர்கூடப் படித்துவிடலாம். எனக்கு எழுபத்திரண்டு வயது. கண்புரை எடுத்தபின் பொடி எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது. அதில் எனக்கு ஒரு கர்வம். மருத்துவர் செய்த வேலையை என் சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் முப்பது வருடம் பக்கம் கட்டியவன் நான். எந்தச் செய்திக்கு எந்த அளவு எழுத்து என்பதை நான் முடிவு செய்வேன். வாசகர் அப்படியே படிப்பார். அச்சடித்த தாளை யாரும் இழுத்துப் பெரிதாக்கியதில்லை. ஓய்வு பெற்றபின் யூடியூப் பார்த்து இணையப்பக்கம் செய்யக் கற்றேன். எழுத்தின் அளவு படிப்பவரின் விருப்பம், அவர் பெரிதாக்கினால் பக்கமும் அதற்கேற்ப விரிந்துகொடுக்க வேண்டும் என்பது முதல் பாடங்களிலேயே இருந்தது. சோம்பேறிகளுக்குச் சொல்லும் அறிவுரை என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

கிள்ளானில் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு மையம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருப்பார்கள். அதை நடத்திய சங்கத்தின் தலைவர் என் பள்ளிக்கூட நண்பர், லோரி கம்பெனி வைத்திருந்தவர். நான் செயலாளர். மையத்துக்கு இணையப்பக்கம் செய்து தருகிறேன் என்று நானேதான் முன்வந்தேன்.

செய்தேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நான்கு வரி: பிரிவின் பெயர், கிழமை, நேரம், கடைசியாக ஏதாவது மாற்றம் இருந்தால் அந்த அறிவிப்பு. எழுத்து பதினான்கு பிக்சல் என்று ஆணி அடித்தேன். பெட்டியின் உயரத்தையும் பிக்சலில் இறுக்கினேன். பெட்டிக்கு மிஞ்சி எது வழிந்தாலும் மறைத்துவிடு என்று ஒரு கட்டளை. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கவும் முடியாதபடி ஒரு பூட்டு. தலைவரிடம் காட்டினேன்.

“டேய், அசல் பேப்பர் மாதிரியே இருக்குடா!” என்றார்.

எனக்கு அது போதுமாயிருந்தது. அதோடு நிற்கவில்லை. மையத்துக் கதவில் ஒட்டும் காகித அறிவிப்புகள் அசிங்கமாக இருக்கின்றன, எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்று சொல்லி அவற்றையும் எடுக்கவைத்தேன். மாற்றம் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்தின் இணைப்பை மட்டும் போடுவோம்.

திங்கள், புதன், வெள்ளிப் பிரிவில் ஒரு பெண்மணி. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றபின் கண்ணுக்கும் வந்திருந்தது. ஒருநாள் நான் வார்டைச் சுற்றிவந்தபோது என்னை நிறுத்தினார்.

“சார், எழுத்து ரொம்ப பொடிசா இருக்கு லா. விரலால இழுத்தாலும் பெருசாக மாட்டேங்குது.”

“கண்ணாடிய மாத்துங்கம்மா.”

“கண்ணாடியால ஆகாது சார். உள்ளுக்குள்ள லேசர் அடிச்சிருக்கு.”

“அப்ப டிவி சைஸுல ஒரு போன் வாங்குங்க.”

அடுத்த படுக்கையில் இருந்தவர், “அந்தக்கா டிவியிலயும் சீரியல் மட்டும்தான் பாப்பாங்க சார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்துத் தொலைத்தார். கையில் ஊசி குத்திப் படுத்திருப்பவர் வேறு என்ன செய்வார்?

பிறகு அவர் மகள் கைப்பேசியின் அமைப்பிலேயே எழுத்தை ஆகப் பெரிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறாள். எழுத்து வளர்ந்தது. நான் இறுக்கிய பெட்டி வளரவில்லை.

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே, அங்கே நர்ஸ் வேலை பார்த்த மிஸ்ஸி என்னிடம் வந்து சொன்னாள்.

“அங்கிள், அந்த அக்கா போன்ல பாத்தேன். பெட்டில கிழமையும் நேரமும் மட்டும்தான் தெரியுது. கடைசி வரி காணவே காணோம்.”

“அவங்க பெருசு பண்ணி வெச்சா காணாமத்தான் போகும். சாதாரண சைஸுல படிக்கச் சொல்லும்மா. கோயில் கோபுரத்தத் தூக்கி வீட்டுக்குள்ள வெக்க முடியுமா?”

அந்த உவமை எனக்கே மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன்.

அந்த வருடம் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. திங்கள் பிரிவினர் முதல்நாள் ஞாயிறு வரவேண்டும் என்று நான்காவது வரியில் போட்டேன். ஞாயிறன்று அவர் வரவில்லை. மிஸ்ஸி இரண்டு முறை அழைத்திருக்கிறாள். அவர் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார், கைப்பேசி முன்னறையில் கிடந்தது. திங்கள் காலை, பண்டிகையும் அதுவுமாகப் பேருந்து பிடித்து வந்து, பூட்டியிருந்த கதவின் முன்னால் நின்றார். செவ்வாய்ப் பிரிவில் ஓர் இயந்திரமும் காலி இல்லை. செவ்வாய் மாலையே நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் மையத்தில் ஒரு விதி உண்டு: சொல்லாமல் மூன்று முறை வராமலிருந்தால், காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்கு இடம் போய்விடும். மகளின் பிரசவத்தின்போது ஒருமுறை, வெள்ளத்தில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஒருமுறை என அவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. வெள்ளமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவேண்டும் என்று நினைக்கும் புத்திசாலிகள் நாங்கள்.

கூட்டம் கூடினோம். ஏழு பேர், கரிப்பாப் பலகாரம், தே தாரிக் தேநீர். தலைவர் கேட்டார்: “நோட்டீஸ் போட்டோமா இல்லையா?”

நான் என் கைப்பேசியில், என் கண்ணுக்கேற்ற அளவில், பக்கத்தைத் திறந்து மேசையைச் சுற்றிக் கொடுத்தேன். எல்லோரும் நான்காவது வரியைப் படித்தார்கள். “இவ்ளோ கிளியரா போட்டிருக்கு, படிக்கிறதுக்கு என்ன?” என்றார் ஒருவர். கூட்டக் குறிப்பை எழுதியது நான். ‘இணையப்பக்கத்தில் அறிவிப்பு தெளிவாக இடம்பெற்றிருந்தும் நோயாளி கவனிக்கவில்லை.’ தெளிவாக என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திருத்தினேன். பூட்டை எடுத்தேன். பெட்டியின் உயரத்தை நீக்கி, உள்ளே இருப்பதற்கேற்ப நீளவிட்டேன். பிக்சலை விட்டுவிட்டு, படிப்பவர் வைத்திருக்கும் அளவை ஒட்டி எழுத்து வளரும்படி மாற்றினேன். என் கைப்பேசியிலும் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்துப் பார்த்தேன். நான்கு வரியும் தெரிந்தன. பத்து நிமிட வேலை. அதைச் செய்தது நோயாளிகளுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. யாராவது வந்து சோதித்தால் தடயம் இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன்.

ஒன்பது நாள் கழித்துத் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இப்ப வந்து எதுக்குடா சொல்றே? வேற ஒரு பெரியவரு அந்த மெஷின்ல படுத்தாச்சு. அவர எழுப்பி வெளிய போகச் சொல்லவா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “யாருக்கும் தெரியாது இல்ல? விடு” என்றார்.

அந்த ‘விடு’ கேட்டு எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது. கூடவே நிம்மதியும் வந்தது. ஒன்பது நாளாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்திருக்கிறேன் என்று புரிந்தது. அடுத்த கூட்டத்தில் குறிப்பைத் திருத்தி எழுதி, பதவியிலிருந்து விலகினேன். அந்தப் பெண்மணியின் இடம் திரும்பி வரவில்லை.

அவருக்குச் சுங்கை பூலோவில் வேறொரு மையத்தில் காலை முதல் பிரிவில் இடம் கிடைத்தது. கிள்ளானிலிருந்து விடியுமுன் பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் போய்த் திரும்ப வேண்டும். ஒருநாள் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன், மேசையைச் சுற்றிக் கைப்பேசியைக் கொடுத்தது உட்பட.

“தெரியும் சார். மிஸ்ஸி சொல்லிச்சு.”

“வாரம் மூணு நாளும் நானே கார்ல கொண்டுபோய் விடறேன்மா.”

அவர் என்னையே பார்த்தார். பார்வை கலங்கலாக இருந்தாலும் குறி தப்பவில்லை.

“நீங்க கொண்டுபோய் விட்டா, மூணு மாசத்துல ஊரே உங்கள தங்கமான மனுசன்னு சொல்லும். நான் பக்கத்துல உக்காந்து ஆமா ஆமான்னு தலையாட்டணும். வேணாம் லா, சார்.”

எழுந்தேன். வாசல் வரை வந்தவர், கைப்பேசியை எடுத்துப் புதிய மையத்தின் பக்கத்தைக் காட்டினார். பெட்டிகள். எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு நின்றது.

“அங்கயும் உங்க மாதிரி ஒருத்தருதான் செஞ்சிருக்காரு போல. போய்ச் சொல்லுங்க. அது சரியாகற வரைக்கும் வாராவாரம் எனக்கு போன் பண்ணி, என்ன போட்டிருக்குன்னு முழுசா படிச்சுக் காட்டுங்க. வேற பேச்சு வேணாம்.”

சுங்கை பூலோவுக்கு மூன்று முறை போய்விட்டேன். பக்கம் அழகாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். ஞாயிறுதோறும் அந்தப் பெண்மணியை அழைக்கிறேன். படித்து முடித்ததும் “சரி” என்று வைத்துவிடுவார். போன வாரம் கொஞ்சம் வேகமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது.

“மறுபடி சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்றார்.

முதலிலிருந்து மறுபடி படித்தேன்.