வெள்ளிக்கிழமை வெங்காய சூப்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் இரண்டு வருடமாக எனக்கென்று ஒரு வேலை இருந்தது. பேப்பர் தட்டு வாங்கி வருவது. தட்டோடு கப், பிளாஸ்டிக் ஸ்பூன், கை துடைக்கும் காகிதம். நான் சமைக்கத் தெரியாதவள் இல்லை. நியூ ஜெர்சியில் எங்களுக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்களில் பிறந்தநாளோ பிள்ளைகளின் புதுநன்மை விழாவோ எது நடந்தாலும் பிரியாணிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கோவிலில் நான் தட்டுக்காரி.

தொண்ணூறுகளின் நடுவில், ஐசலின் என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். தவக்காலத்தில் ஒவ்வொரு வெள்ளி மாலையும் கோவிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் எல்லோரும் கீழே ஹாலுக்கு இறங்குவோம். அங்கே ரொட்டியும் சூப்பும்தான் சாப்பாடு. முறைவைத்து வாரம் நாலைந்து குடும்பங்கள் ஆளுக்கொரு பானை சூப் கொண்டுவரும். தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி கூடாது. திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊரில் இதைச் சுத்தபோசனம் என்போம். பேர்தான் வேறு, சட்டம் ஒன்றுதான்.

நாங்கள் சேர்ந்த முதல் வருடம் நானும் ஒரு பானை கொண்டுபோனேன். பருப்பு ரசம். இந்த அமெரிக்கர்களுக்காக மிளகைப் பாதியாகக் குறைத்து, மிளகாயைக் கண்ணிலேயே காட்டாமல் வைத்தது. முதல் வாய் குடித்த பெரியவர் ஒருவருக்குப் புரையேறி, முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, ஹாலே அவர் முதுகைத் தட்டியது. பானை போன மாதிரியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அடுத்த வாரம், அந்தச் சாப்பாட்டையெல்லாம் ஏற்பாடு செய்யும் அம்மா என்னிடம் வந்து, "நீ ஏன் சிரமப்படுகிறாய், தட்டு மட்டும் கொண்டுவா, போதும்" என்றாள். கட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் ஹால் சாவிகள் தொங்கும் நாடா. நல்ல மனுஷிதான். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பு இரண்டு வருடம் எரிந்தது.

மூன்றாம் வருடம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்பே சாவிக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல் தட்டுதானே என்று கேட்டாள்.

"இல்லை, இந்த வருடம் சூப். பிரெஞ்ச் ஆனியன் சூப்" என்றேன்.

அது லேசான சூப் இல்லையே என்றாள். எனக்கும் வெங்காயத்துக்கும் நல்ல பழக்கம் என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டு, எங்கள் முறை எந்த வெள்ளி என்று சொல்லிவிட்டு, "எதற்கும் தட்டையும் சேர்த்தே கொண்டுவந்துவிடு" என்றாள். அந்த 'எதற்கும்' போதும் எனக்கு. அந்தப் பானையை மேஜையில் வைத்து, அது காலியாவதைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஏன் அந்தச் சூப் என்றால், என் கணவருடைய ஆபீஸ் விருந்தில் ஒருமுறை சாப்பிட்டிருந்தேன். அதில் மிளகாய் இல்லை, மசாலா இல்லை, வெங்காயத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. காரம் என்று என் மேல் யாரும் பழி போட முடியாது. அத்தனை ருசியும் வெங்காயத்தை வதக்குவதில்தான் இருந்தது. வதக்குவதில் என்னை ஜெயிக்க அந்தப் பங்கில் ஆள் இல்லை என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான் என் எண்ணம்.

லைப்ரரியில் ஒரு சமையல் புத்தகம் எடுத்து வந்து, ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிப் போட்டு வீட்டில் ஒத்திகை ஆரம்பித்தேன். முதல் தடவை என் பிரியாணிக் கை எனக்கே துரோகம் செய்தது. அடுப்பைக் கூட்டி வைத்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக முறுகவிட்டுவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சூப்பில் போட்டதும் நனைந்த சருகு மாதிரி மிதந்தது. இந்தச் சூப்புக்கு வெங்காயம் முறுகக்கூடாது, குழைய வேண்டும். அடுப்பைச் சிறிதாக வைத்து வெண்ணெயில் வதக்க, வெங்காயம் முதலில் தன் தண்ணீரை விட்டு, அது வற்றி, துவண்டு, மஞ்சளாகி, பிறகு புளிக்கரைசல் நிறத்துக்கு வரவேண்டும். புத்தகத்தில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. எழுதினவர் வெங்காயத்தை நேரில் பார்த்திருக்கமாட்டார். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடிப்பிடிக்கும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன். நிறமெல்லாம் அந்த அடிப்பிடிப்பில்தான் இருக்கிறது.

இதில் பெரிய கஷ்டம் எதையும் சேர்க்காமல் இருப்பதுதான். வெண்ணெய் உருகினதும் கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போகும். இழுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் கறிவேப்பிலைக்குப் போகும். தைம் என்று ஒரு தழை போடச் சொல்லியிருந்தது. கசக்கி முகர்ந்தால் ஓம வாசனை. அதில் ஒரு சமாதானம். பிறகு வெள்ளை வொயின். என் கணவர் தவக்காலத்துக்குக் குடியை விட்டிருந்தார். நான் பாட்டிலைத் திறக்கிற சத்தம் கேட்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் விட்டிருக்கேன்னு தெரிஞ்சே வாங்கிட்டு வந்தியா?"

"உங்களுக்கு இல்லைங்க. சூப்புக்கு."

"அப்ப அந்த சூப்ப நான் குடிக்கலாமா?"

"கொதிச்சா எல்லாம் போயிடும்."

"எல்லாம் போயிடும்னா எதுக்குடி ஊத்தற?"

பாட்டிலைச் சாய்த்து ஊற்றினேன். கடைசியில் அந்தச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார். மேலே மிதக்கவிட வேண்டிய சீஸ் ரொட்டியை ஓவனில் மேல்சூட்டில் வாட்டும்போது ஸ்மோக் அலாரம் அலறியது. அவர் நாற்காலி மேல் ஏறி நின்று டவலால் விசிறினார். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சூப் வந்துவிட்டது. விருந்தில் சாப்பிட்டதைவிட நன்றாகவே வந்தது.

எங்கள் முறை வந்த வெள்ளியன்று ஆபீஸுக்கு லீவு போட்டேன். காலையிலிருந்து வெங்காயம் நறுக்கி, வீட்டில் இருந்த பெரிய பாத்திரங்கள் இரண்டிலும் வதக்கி, மத்தியானம் தாண்டியதும் நிறம் வந்துவிட்டது. இனி சூப்புக்கு அடிப்படையான சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டியதுதான். ஒத்திகைக்கு வாங்கிய மாதிரியே டின் சாறு வாங்கி கவுன்ட்டர் மேல் வரிசையாக அடுக்கியிருந்தேன். அப்போது பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். பத்து வயது. நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில்தான் பதில் வரும். டின்னைத் திருப்பிப் பார்த்தாள்.

"மா, திஸ் இஸ் பீஃப்."

"ஆமா, புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"இட்ஸ் ஃப்ரைடே, மா."

இறைச்சி கூடாத வெள்ளிக்கிழமை, கோவில் ஹாலில் வைக்கப்போகும் பானையில் மாட்டெலும்புச் சாறு. வெங்காயத்தின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, டின்னில் என்ன இருக்கிறது என்பதே என் புத்திக்கு எட்டவில்லை. ஏழு வயதிலிருந்து தவக்கால வெள்ளிகளில் கவிச்சி தொடாதவள் நான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது டின்களையெல்லாம் வாரி அலமாரிக்குள் தள்ளினேன். மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

காய்கறிச் சாறு டின் கடையில் கிடைக்கும். ஆனால் அது கேரட் போட்டு இனிப்பாக இருக்கும். வெங்காயமே குழைந்து இனிப்பாகிக் கிடக்கிறது. அதில் இன்னும் இனிப்பை ஊற்றினால் பாயசம்தான். எனக்கு வேண்டியது மண்வாசனையோடு, நாக்கில் கொஞ்சம் கனமாக நிற்கிற ஒன்று. அதைத் தேடி எங்கும் போகத் தேவையிருக்கவில்லை. தவக்கால வெள்ளியில் எங்கள் வீட்டில் கொள்ளுதான். ராத்திரிக்குக் கொள்ளு ரசமும் சுண்டலும் வைக்க முந்தின நாளே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வேகவைத்திருந்தேன். மூடியைத் திறந்தால் கருஞ்சிவப்பாகத் தண்ணீர். ஒரு கரண்டி எடுத்து உப்புப் போட்டுக் குடித்துப் பார்த்தேன். டின்னில் இருந்ததற்கு இது எந்த விதத்திலும் குறைவில்லை. பாக்கெட்டில் மீதியிருந்த கொள்ளையும் வெந்நீரில் போட்டுக் குக்கரில் ஏற்றினேன். விசில் மேல் விசில். பாக்கெட்டின் மேல் ஆங்கிலத்தில் இதற்கு 'ஹார்ஸ் கிராம்' என்று குதிரையின் பேரை வைத்திருந்தார்கள். மாட்டுக்குப் பதில் குதிரையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அந்தப் பாக்கெட்டை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

கொள்ளுத் தண்ணீரை வடிகட்டி வெங்காயத்தில் ஊற்றி, வொயினும் தைமும் போட்டுக் கொதிக்கவிட்டேன். மகள் ஸ்பூனால் எடுத்துக் குடித்துப் பார்த்து, "டேஸ்ட்ஸ் லைக் தி அதர் ஒன்" என்றாள். வேறு சான்றிதழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை. வெந்த கொள்ளை வீணாக்க மனசில்லாமல் தேங்காய் போட்டுச் சுண்டலாகத் தாளித்து, ஒரு டப்பாவில் அடைத்தேன். என் கணவர் ஆபீஸிலிருந்து நேராகக் கோவிலுக்கு வருவார், சூப் அவர் வயிற்றுக்கு எந்த மூலைக்கு. கடுகைத் தொடாதே என்று நாளெல்லாம் அடக்கி வைத்திருந்த கை, சுண்டலில் பழி தீர்த்துக்கொண்டது.

ஹாலில் என் பானை நாலாவதாக உட்கார்ந்தது. பக்கத்தில் தக்காளி சூப், உருளைக்கிழங்கு சூப், பீன்ஸ் சூப். தட்டுகளையும் நானே அடுக்கினேன். மூடியைத் திறந்ததும் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று புரையேறிய பெரியவர்கூட வாங்கிக்கொண்டார். கிண்ணத்தில் சீஸ் ரொட்டியைப் போட்டு ஊற்றிக் கொடுத்தேன். நாலைந்து பேர் வாங்கியிருப்பார்கள். சாவிக்கார அம்மா வந்து ஒரு ஸ்பூன் குடித்தாள். இன்னொரு ஸ்பூன் குடித்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பிடிதுணியால் என் பானையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி உள்ளே சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். வரிசை அப்படியே தக்காளி சூப்புக்கு நகர்ந்தது.

பின்னாலேயே போனேன். கதவைச் சாத்திவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

"தெரியும்."

"ருசியாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சூப்பை மாட்டுச்சாற்றில்தான் செய்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். இது அதே ருசி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏழு வயதிலிருந்து சுத்தபோசனம் இருக்கிறவளுக்கு வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பாடம். அதே சமயம் உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய அம்மா வைத்த ருசியை நான் கொள்ளில் கொண்டுவந்திருந்தேன். ஆனால் அந்தப் பெருமையால் பானை மேஜைக்குத் திரும்பாதே. இப்போது விட்டால் ஆயுசுக்கும் தட்டுதான்.

வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. பையிலிருந்து சுண்டல் டப்பாவை எடுத்துத் திறந்து, அவள் முன்னால் வைத்தேன்.

"சாறு இதிலிருந்து வந்தது. சாப்பிட்டுப் பாருங்கள்."

"இது என்ன?"

"பருப்பு. எங்கள் ஊர்ப் பருப்பு. வேகவைத்த தண்ணீர் அங்கே, பருப்பு இங்கே."

அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். மெல்ல மென்றாள். பானையிலிருந்து கொஞ்சம் சூப் எடுத்துக் குடித்தாள். மறுபடி சுண்டல். மறுபடி சூப். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுண்டலில் ஒரு மிளகாய் வற்றல் இருந்தது. அது அவள் ஸ்பூனில் வந்துவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

"மாடு இல்லை" என்றாள்.

"இல்லை."

பானையின் ஒரு காதை அவள் பிடித்தாள். மற்றதை நான் பிடித்தேன். இருவருமாகத் தூக்கி வந்து மேஜையில் வைத்தோம். அவள் ஹாலைப் பார்த்து, வாத்தியார் குரலில், "இதில் இறைச்சி இல்லை, நானே பார்த்துவிட்டேன், தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்று அறிவித்தாள். என்னிடம் மன்னிப்பு கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தானே கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஊற்றிக் கொடுத்தாள். நான் ரொட்டியை மிதக்கவிட்டேன். பெரியவர் இரண்டாம் தடவையும் வந்தார். புரையேறவில்லை.

என் கணவர் வந்து சேரும்போது பானை வழித்துவிட்ட மாதிரி இருந்தது. மிச்சச் சுண்டலை அவர் கையில் கொடுத்தேன்.

"பாதிதான் இருக்கு?"

"உங்களுக்கு முன்னாடி ஒரு ஆளு சாப்பிட்டுட்டாங்க."

எல்லோரும் போனபிறகு சாவிக்கார அம்மா என் பானையைக் கழுவி, துடைத்து, தானே கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தவக்காலம் முடிவதற்குள் இன்னொரு வெள்ளி இதே சூப்பைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். என்னிடமிருந்த மீதித் தட்டுக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்படியானால் தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

"கனமான தட்டாகப் பார்த்து வாங்குங்கள்" என்றேன். "மெல்லிய தட்டு ரொட்டி வைத்ததும் வளைந்துவிடும்."