அழுக்காகாத தண்ணீர்

வடசென்னை எர்ணாவூர் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் என்ற பொதுவிருந்து. தெற்கத்திச் சீமையிலிருந்து கடை வைக்க வந்த குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம் அது. பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பந்தல், வாழையிலை, சோறு, கறிக்குழம்பு. கடைக்காரர், கட்டுமரக்காரர், கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும், சபையாரே பரிமாற வேண்டும். பரிமாறத்தான் அடிபிடி. ஒரு குழம்பு வாளிக்கு மூன்று பேர் கைபோடுவார்கள். சாப்பிட்டு எழுந்த இலைக்கு மட்டும் போட்டியே கிடையாது. அது பூவம்மாவுக்கு.

பூவம்மா திருவொற்றியூர்ப் பக்கம் தெரு கூட்டுகிற தூய்மைப் பணியாளர். கோயிலில் கடைசி பெஞ்சு. ஏதோ ஒரு அசனத்தில் ஆள் இல்லையே என்று குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அதோடு அது அவர் வேலையாகிவிட்டது. செய் என்று யாரும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு அண்டா ஓரமாக நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்.

தேவப்பிரியம் டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்தான். அவர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்று, நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வாளி, குடம், துடைப்பம் விற்கிற கடையில் வீட்டுக்காரருக்கு ஒத்தாசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் பின்னாலுள்ள அறையைத் திறந்து பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்வார். அவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, குடம் வாங்க வருகிறவர்களும் டீச்சர் என்கிறார்கள். பிள்ளை இல்லாத அவருக்கு அந்த ஒரு சொல் வாரம் முழுக்கத் தாங்கும்.

குருத்தோலை ஞாயிறன்று கடையிலிருந்து ஒரு நீலப் பேசினைக் கொண்டுபோவார். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய கதையைச் சொல்லி முடித்து, தானே மண்டிபோட்டுப் பிள்ளைகளின் கால்களைக் கழுவித் துண்டால் துடைப்பார். இந்த வருஷம், சௌமியா என்ற பெண் பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், தண்ணி அழுக்காவே ஆவல. அப்புறம் இன்னாத்துக்குக் கழுவுறீங்க?”

“ஏட்டி, கழுவிட்டுத்தான் வந்தியாக்கும்?”

“எங்கம்மா பிரஷ்ஷு போட்டுத் தேச்சி வுட்டாங்க. டீச்சர் கழுவுறப்ப காலு கலீஜா இருந்தா மானம் பூடுமாம்.”

“எங்க வூட்லயும்தான்,” என்றது இன்னொரு குரல். விசாரித்தால் எல்லா வீட்டிலும் அதே கதை.

டீச்சருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேசினைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. இத்தனை வருஷமும் சுத்தமான காலைக் கழுவி, அதற்குத் தாழ்மை என்று பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஈஸ்டர் கழிந்து அசனம் நெருங்கியபோது வகுப்பில் சொன்னார்: “இந்த வருஷம் எச்சில் எல எடுக்கது நம்ம கிளாஸ்.” கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னதுபோல் பிள்ளைகள் குதித்தார்கள்.

மத்தியானமே சௌமியாவின் அப்பா கடைக்கு வந்துவிட்டார். மனோகரன், இரும்பு வியாபாரி, சபையின் பொருளாளர். மகளின் மெட்ராஸ் பாஷையே அவருக்குப் பாதி தலைவலி.

“எக்கா, பாட்டு சொல்லிக் குடுங்க, வசனம் சொல்லிக் குடுங்க. எச்சில் எல எதுக்கு? அதுக்குத்தான் பூவம்மா இருக்காள்லா?”

“அவ இருக்கான்னுதான தம்பி நாம ஒருத்தரும் குனியல.”

“எம் மவ எல பொறுக்கதப் பாத்தா நாலு பேரு என்ன நெனைப்பாவ? பழம் வைக்கட்டும். போட்டோவும் நல்லா விழும்.”

டீச்சர் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்போ கிளாஸுக்கு வேற ஆளப் பாக்கணும்னு கமிட்டியில பேச்சு வரும். பொறவு என்னையச் சொல்லாதீங்க,” என்றவர், வந்தது வந்தோம் என்று ஒரு துடைப்பத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

வகுப்பு போனால் டீச்சர் என்ற சொல்லும் போகும். அது தெரிந்தேதான் அசனத்தன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். பூவம்மாவிடம் போய், “இன்னைக்கு நீ மொதப் பந்தில உக்காரு. தொட்டிய எங்ககிட்ட குடு,” என்றார்.

பூவம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

“நா எதுனா தப்பு பண்ட்டனா டீச்சர்மா?”

“தப்பா? ஒனக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்கலாம்னுதான்.”

“இந்தக் கோயில்ல என்னியப் பேரு சொல்லிக் கூப்புட்றதே இந்தத் தொட்டிக்குத்தான். அதையும் புடுங்கிக்கினா நா எங்க போயி நிக்கிறது?”

தொட்டிக்கு நீட்டிய கையை டீச்சர் இழுத்துக்கொண்டார். பாடம் நடத்தப் பேசினை எடுத்து வந்தது போலவே இந்தத் தொட்டியையும் எடுக்க வந்திருக்கிறோம். அதைப் பிடித்திருக்கிற கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“தொட்டி ஒங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றார் மெதுவாக. “நாங்க ஒங்ககூட வாரோம். கடைசிப் பந்தில பிள்ளையளோட ஒண்ணா உக்காருங்க.”

பூவம்மா கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார்.

முதல் பந்தி முடிவதற்குள் பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். “எலேய், பாயாசம் இன்னும் கெடக்குல்லா,” என்று ஒரு பெரியவர் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சௌமியா நேராக அப்பாவின் இலைக்குப் போனாள். மனோகரன் அதன்மேல் கையை வைத்தார்.

“நீ போ. நானே எடுத்துக்கிடுதேன்.”

“அப்ப நா இன்னாத்துக்குக் கீறேன்?”

அவர் இலையை மடித்து, தானே தொட்டிக்கு நடந்தார். பொருளாளர் எச்சில் இலையோடு நடப்பதைப் பார்த்த பிறகு அந்த வரிசையில் யாருக்கும் சும்மா எழுந்து போக மனம் வரவில்லை. ஒவ்வொருவராக இலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். இது என்ன கூத்து என்று விளங்காமல் பூவம்மா தொட்டியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

“எங்கப்பா எல்லாத்தையும் கெடுத்துட்டாரு டீச்சர்,” என்றாள் சௌமியா.

கடைசிப் பந்தியில் பிள்ளைகளுக்கு நடுவில் பூவம்மா உட்கார்ந்தார். டீச்சர் பரிமாறினார். சாப்பிட்டு முடித்த பூவம்மா, பழக்கத்தில் இலையை மடித்துத் தூக்கப் போனபோது டீச்சரின் கை நீண்டது. பூவம்மா இலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் டீச்சர்மா. என் எலைய நீங்க எடுக்கக்கூடாது.”

டீச்சர் இழுக்கவில்லை. இழுத்தால் அதுவும் பிடுங்குகிற கணக்குத்தான். குனிந்தபடியே, கையை நீட்டியபடியே நின்றார். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெகு நேரம் கழித்துப் பூவம்மா தன் கையை எடுத்தார்.

மடித்த இலையிலிருந்து ரசம் வழிந்து டீச்சரின் முழங்கை வரை ஓடிப் பட்டுப் புடவையில் சொட்டியது. குழாயடிக்குப் போனால் அங்கே மனோகரன் நின்றுகொண்டிருந்தார்.

“எக்கா, அடுத்த வருசம் ஒங்க கிளாஸுக்கு இன்னொரு தொட்டி வேணும்போலயே. கடையில கெடக்கா?”

“கெடக்கு. வெல கொறைக்க மாட்டேன்.”

சௌமியா குழாயைத் திறந்துவிட்டாள். டீச்சரின் கையிலிருந்து மஞ்சளும் எண்ணெயுமாகத் தண்ணீர் இறங்கி சாக்கடைக்கு ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப ஆச்சு டீச்சர்.”

“என்னதுட்டி?”

“தண்ணி. கலீஜாச்சு.”