அம்மாவின் முதுகுக்குக் கீழே இடித்த சத்தம்

இரும்பில் இரும்பு மோதும் அந்த ஓசை காதுக்கு எட்டுமுன்னே பாதங்களுக்கு எட்டிவிடும். அப்பா முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிக் கிளச்சிலிருந்து காலை எடுத்த மறுகணம், வேனின் தகரத் தளம் ‘டொக்’கென்று உதறும். புக்கிட் செலம்பாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் காய்கறி விற்பதற்காகப் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்ட அந்த வேனுக்குச் சில வாரங்களாகவே இந்த நோய் இருந்தது.

“அண்ணே, உங்க வேனுக்குப் பல்லு ஆடுதுலா, புடுங்கிப் போட்டுருங்க,” என்று தோட்டத்து லோரி டிரைவர் கேலி செய்வார். கியர்ப்பெட்டியின் பற்கள்தாம் தேய்ந்துவிட்டன என்று நம்பிய அப்பா, எண்ணெயை மாற்றிப் பார்த்தார், சத்தம் போகவில்லை. அடியில் படுத்து முழுவதும் பார்த்துவிடலாம் என்று அவர் எண்ணிய நாள் ஆயுத பூசையாக அமைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அந்த நாளின் சட்டம் அத்தையுடையது. அப்பாவின் அக்காளான அவர், கணவரை இழந்தபின் எங்களோடு வாழ்ந்தவர். பதிகம் பாடாமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவர். சந்தனமும் குங்குமமும் இட்ட கருவிகளை மறுநாள் மறுபூசை முடியும்வரை ஒருவரும் தீண்டலாகாது. “சாமி கையில குடுத்தாச்சு, குடுத்ததைப் புடுங்கக்கூடாது,” என்பார். பால்வெட்டும் கத்தி, அரிவாள்மனை, என் பாடப் புத்தகங்கள், அப்பாவின் ஸ்பேனர்கள் எல்லாம் சாமி மேடையின் முன் அடங்கியிருந்தன. எலுமிச்சம்பழத்தை நசுக்கி முன்னேறிய வண்டிக்கு மட்டுமே அன்று விடுதலை.

நண்பகல் கடந்ததும் நிறைமாதமாயிருந்த அம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவச்சி கைவிரித்தார். லோரி டிரைவரோ குருண் ஊரிலிருந்த உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். வேனின் வெறுந்தளத்தில் பாய் விரித்து அம்மாவைக் கிடத்தினோம். தலைமாட்டில் அத்தை பதிகத்தை முணுமுணுக்க, நான் அம்மாவின் கையைப் பற்றியிருந்தேன்.

தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் கடந்து செம்மண் சாலைக்குள் திரும்பியபோது சத்தம் முன்னைவிடக் கடுமையாயிற்று. அம்மா பல்லைக் கடித்தபடி பேசினார்.

“சத்தம் முன்னால இல்லீங்க. என் முதுகுக்குக் கீழ இடிக்குது.”

“வலியில உனக்கு அப்படித் தோணுதும்மா,” என்றார் அப்பா.

“வலி எங்க, இடி எங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அப்பா கியரை மாற்றாமலே வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தார், ‘டொக்’. மீண்டும் மிதித்தார், ‘டொக்’. வண்டியை ஓரம் நிறுத்தினார்.

“கியர் மாத்தாமலே அடிக்குது. பொட்டியில இல்ல, பின்னாலதான்,” என்று சொல்லிக்கொண்டே அடியில் நுழைந்து பார்த்தார். கியர்ப்பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட இரும்புத் தண்டின் பின்மூட்டில் ஒரு நட்டு விழுந்துபோய், மற்றவையும் தளர்ந்து தொங்கின. எதிரே இறக்கமான சரிவு. இறங்கும்போது தண்டு கழன்று சுழன்றடித்தால் பிரேக் குழாய் அறுந்துவிடும். முடுக்குவதற்கோ கைவிரல்களைத் தவிர ஒன்றுமில்லை.

அப்பா அத்தையைப் பார்த்தார். பதிகம் நின்றது. அம்மாவின் ஓலம் ஒன்று எழுந்து அடங்கும்வரை அத்தை அசையவில்லை. பின்பு, “எந்த ஸ்பேனர்?” என்றார்.

“பெரிசு ரெண்டும்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை வந்த வழியே ஓடினார். அவர் ஓடி நான் அதற்குமுன் கண்டதில்லை. திரும்பி வந்தபோது ஸ்பேனர்களின் குங்குமம் வியர்வையில் கரைந்து அவர் உள்ளங்கைகளெல்லாம் சிவந்திருந்தன.

“சாமிக்கு ஒரு நாள் பொறுக்கத் தெரியும். இவளால முடியாது. முடுக்குடா,” என்றார்.

நட்டுகளை முடுக்கிவிட்டு அப்பா வண்டியைச் சரிவில் இறக்கினார். அடியில் சத்தம் இல்லை. அன்று மாலை அறுவை செய்து என் தம்பியை எடுத்தார்கள், அம்மா பிழைத்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த அத்தை, செய்தி வந்தபின்தான் விட்ட இடத்திலிருந்து பதிகத்தைத் தொடர்ந்தார்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் கிடங்குகள் நிற்கின்றன. தோட்டத்துக் கோயில் பெருஞ்சாலையோரம் இடம் மாறிவிட்டது. ஆயுத பூசையன்று அங்கே கார்கள் வரிசையாக வந்து சந்தனம் பெறுகின்றன. தீபாராதனைத் தட்டு இறங்குமுன்னே இளைஞர்கள் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, “வேலைக்கு நேரமாச்சுலா,” என்று தொழிற்சாலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் பாடு அவர்களுக்கு. ஆனால் தொடக்கூடாது என்ற கட்டளையே மறைந்துவிட்ட இடத்தில், என் அத்தை அன்று எதைத் தொட்டு எடுத்தார் என்பதை நான் யாருக்கு எப்படி எடுத்துச் சொல்வேன்?