வைகைக்காரர் அடித்த கூடாரம்

"...ஆத்து மணலைவிட மெத்தை உண்டா? எங்க வைகையில தண்ணியப் பார்த்து எம்புட்டு வருசமாச்சு" என்றபடி மதுரைக்காரர் முருகேசண்ணன் கூடாரம் அடித்தார்.

லீவுக்கு மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். நிஸ்வா தாண்டி, சாலை ஒரு காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி ஏறியது. ஓரத்தில் நின்ற சிவப்பு வெள்ளைக் கம்பத்தில் அண்ணன் கயிற்றைக் கட்டினார்.

பிக்கப்பில் வந்த ஓமானி ஒருவர் இறங்கி, கம்பத்தின் உச்சியைத் தொட்டு, "பானி இத்னா ஆயேகா, பாய்" என்றார். தண்ணீர் இவ்வளவு உயரம் வருமாம். தலைக்கு மேலே மேகமே இல்லை. ஆனால் மலைப்பக்கம் இடி கேட்டது. காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். சற்று நேரத்தில் செம்மண் வெள்ளம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நாங்களோ ஆழம் காட்டும் கம்பத்திலேயே கயிறு கட்டியிருந்தோம். இப்போதெல்லாம் அந்தக் கம்பத்தைக் கண்டால் மேட்டில்தான் தங்குகிறோம்.

அந்த முறை சலாலா போய்ச் சேர்ந்ததும் முருகேசண்ணன், ஊரில் ஆடு வளர்க்கும் மனைவிக்குப் போன் போட்டு, "ஆட்டை ஆத்துக்குள்ள கட்டாதடி" என்றார்.