விஷம் வைக்க ஆள் இல்லை

அரசனுக்கு விஷம் வைக்க ஆள் கிடைக்காமல் ஒத்திகையே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குச் சோக நாடகம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இதுதான் முதல் தலைவலி, மாட்டியவர்களுக்குத் தெரியும்.

நான் வாத்தியாரெல்லாம் இல்லை. பிளஸ் டூவோடு போதும் என்று வீட்டில் கிடந்தவன். இலஞ்சியில் நான் படித்த பள்ளியில் தமிழ் டீச்சர் பிரசவ லீவில் போக, ஹெட்மாஸ்டர் என்னைப் பிடித்து ஒன்பதாம் வகுப்பில் தள்ளிவிட்டார். பாடத்தில் இருக்கும் பழைய நாடகத்தை இலக்கிய மன்ற விழாவில் நடிக்கவும் வைக்க வேண்டுமாம்.

அரிசிக் கடை

கதையில் ராணி ஆற்றில் மூழ்கிவிடுவாள். அரசனுக்கு உயிர் நண்பனே விஷம் வைப்பான். அரசன் செத்தபின் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பான். அந்த நண்பன் வேஷத்துக்கு எல்லாரும் மாட்டேன் என்றார்கள். முருகேசு மட்டும் சரி என்றான். மறுநாளே சுரண்டையில் அரிசிக் கடை வைத்திருக்கும் அவன் அப்பா வந்துவிட்டார். கடைசி வசனத்தை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் சம்மதித்தார்.

"மன்னிப்பு கேக்குதது எல்லாரு காதுலயும் விழணும் தம்பி. இல்லேன்னா விஷம் வச்சவன்கிட்ட எவன் அரிசி வாங்குவான்?"

ராணியின் சாவு

ராணி மூழ்கும் காட்சியை நான் உருகி உருகி நடத்தினேன். ஒரு கண்ணாவது கலங்க வேண்டுமே. அவள் ஏன் செத்தாள் என்று கேட்டேன். விதி என்று சொல்வார்கள் என நினைப்பு. குற்றாலத்தில் மெயின் அருவிப் பக்கம் வீடு இருக்கும் சுதா எழுந்தாள். வகுப்பு மொத்தமும் அவள் கட்சி.

"தண்ணி கூடுனா போலீஸ் விசில் அடிச்சிருப்பாங்கள்லா அண்ணே. கேக்காம எறங்குனா யாரு தப்பு?"

பிணம் பேசியது

விழா அன்று நல்ல சாரல். மேடையெல்லாம் ஈரம். யாராவது சிரித்தால் உடனே திரையை இறக்கிவிடு, பள்ளிக்கூட மானம் போகக்கூடாது என்று ஹெட்மாஸ்டர் முன்னமே சொல்லியிருந்தார். விட்டால் திரை விழுந்துவிடும் கயிற்றைப் பிடித்தபடி நான் ஓரத்தில் நின்றேன்.

அரசன் துடிதுடித்துச் செத்தான். ஊசி விழுந்தால் கேட்கும். முன்வரிசையில் இருந்த அவன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சளி பிடிக்கும், எழுந்து காய்ந்த இடமாகப் பார்த்துப் படு என்றார். பிணம் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னது.

"செத்துக் கெடக்கேம்மா, சும்மா இரு."

கொட்டகையே குலுங்கியது. முருகேசு வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு விழித்தான். ஹெட்மாஸ்டர் என்னிடம் ஓடிவந்தார்.

"ஏலே, திரைய எறக்குலே."

இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: சிரிப்பு அடங்கி, முருகேசு மண்டியிட்டு மன்னிப்பைக் கடைசிச் சொல்வரை கேட்டு முடிக்கும்வரை அந்தக் கயிற்றை நான் விடவே இல்லை.