உபதேசியார் பெட்டிக்கு இரண்டு சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ குளிர் தேசத்தில், கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், ஆறு மூலை உள்ள ஒரு சின்னப் பெட்டியை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்கியும் இழுத்தும் வாசிக்கிறாள். "அப்பா, இதுக்குப் பேரு கான்செர்டினாவாம். ஒரே பட்டன்தான். அமுக்கினா ஒரு சுரம், இழுத்தா வேற சுரம். செஞ்சதே அப்படித்தானாம்" என்று கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை சோற்றிலேயே நின்றுவிட்டது. என்னப்பா என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை, பிள்ளைகளா. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தேன். காலையில் மில் பஸ் வரும். ஏறினவுடனே பஞ்சு வாசம். பஞ்சுக்கு ஏது வாசம் என்பீர்கள். காது மடலிலும் புருவத்திலும் ஒட்டவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவனைக் கேட்டால் சொல்வான். மார்கழியில் மட்டும் அந்த வாசத்தோடு கற்பூர வாசமும் சேர்ந்துகொள்ளும். விடியக்காலை பஜனையை முடித்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் நேரே பஸ் ஏறுவோம்.

பஜனைக்கு ஆர்மோனியம் நான்தான். தெருச் சுற்றி வரவேண்டும் என்பதால் அதைப் பழைய வேட்டியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பேன். மூன்றாவது தெருவிலேயே கழுத்து போய்விடும். தை பிறந்த பிறகும் தலை திரும்பாது. சூப்பர்வைசர் கூப்பிட்டால் மொத்த உடம்போடும்தான் திரும்புவேன். "என்னலே, மணமேடையில மாலையோட நிக்கிற மாதிரி திரும்புற" என்பார்.

அந்தக் கழுத்துவலியில்தான் எரியோட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. சின்ன வயதில் உங்கள் தாத்தா நிலக்கடலை விற்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். அங்கே ஒரு உபதேசியார் வருவார். கிறிஸ்தவக் கோயில் கோயிலாகப் போய் வேதம் சொல்கிறவர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, கையில் ஆறு மூலைப் பெட்டி. நடந்துகொண்டே வாசிப்பார். கத்திப் பாடமாட்டார். கத்தரிக்காய் விலை கேட்கிறவர்கள்கூட விலையை விட்டுவிட்டுச் செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்புவார்கள். பாட்டு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெப்பர்மிண்ட். நான் முருகனைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் ஒரே நாளில் இரண்டு தடவை வரிசையில் நின்றிருக்கிறேன்.

அந்த மாதிரிப் பெட்டி ஒன்று கிடைத்தால் கழுத்தும் பிழைக்கும், நானும் நடந்துகொண்டே வாசிக்கலாம் என்று ஆசை பிடித்துக்கொண்டது. பேர் தெரியாத சாமானை எப்படிக் கேட்பது? திண்டுக்கல்லில் கடை கடையாகக் கையை அமுக்கி விரித்துக் காட்டிக் கேட்டேன். ஒருவர் சப்பாத்திக் கட்டையா என்றார். இன்னொருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்றார்.

கடைசியில் பேகம்பூரில் பழைய சாமான் கடை வைத்திருந்த காதர் பாய்தான் துப்புச் சொன்னார். உபதேசியார் காலமாகிவிட்டார், மகள் எஸ்தர் நாகல் நகரில் பிளவுஸ் தைக்கிறார், பெட்டி அவரிடம் இருக்கிறது. "நான் கேட்டுப் பாத்துட்டேன் தம்பி. வாசிக்கிற ஆளுக்குத்தான் குடுப்பேன்னுருச்சு. நமக்கு விசிலே ஒழுங்கா வராது."

எஸ்தர் அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பீரோ மேலிருந்து பெட்டியை எடுத்து, சுற்றியிருந்த லைனிங் துணியைப் பிரித்தார். பழைய தோல் வாசம் வந்தது. பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பைத் தாண்டும்போது பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளுமே, அந்த வாசம் இல்லை. அதுவே வருஷக்கணக்கில் ஆறி அடங்கினால் எப்படி இருக்கும், அப்படி. துருத்தியின் மடிப்பெல்லாம் முழுசாக இருந்தது. தச்சன் செய்ததா தட்டான் செய்ததா என்று தெரியாத அளவுக்கு வேலைப்பாடு.

கையில் வாங்கி ஒரு பட்டனை அழுத்தினேன். அமுக்கும்போது ஒரு சத்தம், இழுக்கும்போது வேறு சத்தம். அடுத்த பட்டன், அதுவும் அப்படியே. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான், துருத்தியை எப்படிப் போட்டாலும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எல்லாம் தெரிந்தவன் போல, டாக்டர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னேன்: "உள்ள சத்தம் குடுக்குற பித்தளை நாக்கெல்லாம் போயிருச்சுக்கா. ஒரு கட்டைக்கு ரெண்டு சத்தம் வருது."

திரும்பத் தைக்க உட்கார்ந்தவரின் மிஷின் நின்றது. "எல்லாமேவா?"

"எல்லாமே."

"இதத்தானப்பா எங்கப்பா கடைசி வரைக்கும் வாசிச்சாரு."

"பழக்கத்துல சமாளிச்சிருப்பாருக்கா."

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்க நினைத்திருந்த விலையில் பாதியைச் சொன்னார். கெட்டுப்போனதற்கு அதற்கு மேல் வாங்க மனசு வரவில்லை என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "சரிபண்ணிட்டு, அப்பா வாசிக்கிற பாட்ட எனக்கு ஒருதடவ வாசிச்சுக் காட்டிரு." நான் பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன்.

மேட்டுப்பட்டியில் ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு யோசித்தார். "ஏப்பா, கெட்டுப்போனா ஒண்ணு ரெண்டு நாக்குக் கெடும். இருபது கட்டையும் ஒண்ணுபோலவா கெடும்? இதுல கைவைக்காம வச்சிருவமே." அந்த நல்ல மனுஷன் சொன்னதை இன்றைக்கு நினைத்தால் காது சூடாகிறது. நானோ, எனக்குத் தெரியாதா அண்ணே, நீங்க சுரண்டுங்க என்றேன். அவர் சில நாக்குகளைச் சுரண்டினார், சிலவற்றின் நுனியில் ஈயம் வைத்தார். நாலு நாளில் ஒரு கட்டைக்கு ஒரு சத்தம் ஆயிற்று. பாதிச் சுரம் காணாமல் போயிருந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொன்னபடி நாகல் நகர் போய் வாசித்தேன். எஸ்தர் அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "சத்தம் அதேதான் தம்பி. ஆனா அப்பா மாதிரி இல்ல." பழகப் பழக வரும் என்று நானே அவருக்கு ஆறுதல் சொன்னேன். வரவே இல்லை. இரண்டு மார்கழி வைத்துப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டேன். நீங்கள் சின்னதில் எடுத்து விளையாடக் கூடாது என்று நான் அதட்டின பெட்டி அதுதான்.

வீடியோ பார்த்த மறுநாள் இறக்கித் திறந்தேன். ஈயத்தைக் கூட உருக்கி எடுத்துவிடலாம். சுரண்டினதை எதைக் கொண்டு நிரப்புவது?

சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது தைப்பதில்லை, கண் சரியில்லை. ஒன்றும் சொல்லாமல் வீடியோவைப் போட்டேன். நாலு வினாடிகூட ஆகவில்லை, சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான்" என்றார். "இந்த ஆட்டந்தான். அப்பா வாசிக்கையில பாட்டு இப்படித்தான் ஆடிக்கிட்டு வரும்."

அப்புறம் சொன்னேன். அமுக்கினால் ஒன்று, இழுத்தால் ஒன்று, அதைச் செய்ததே அப்படித்தான் என்று.

"அப்ப அப்பா பெட்டி கெட்டுப்போகலையா?"

"கெடலக்கா. நான்தான் கெடுத்தேன்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு வேறு யோசனை. "எத்தன பேர்ட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா, எங்கப்பா ஒடஞ்ச பெட்டியில அம்புட்டு நல்லா வாசிச்சாருன்னு. பெருமையாத்தான் சொன்னேன். ஒருத்தரு சிரிச்சாரு. அதான் உபதேசியார் பாட்டு ஒருமாதிரியா இருக்கும்னாரு. நானும் ஆமான்னேன்." கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். "மாத்திச் சொல்லணும்ப்பா அவுங்ககிட்ட."

யார் யாரிடம் என்று விரலை மடக்கினார். கூடவே நானும் எண்ணினேன். சிரித்தவர் எரியோட்டில் வெற்றிலைக்கடை வைத்திருந்தவர், கடையும் இல்லை, அவரும் இல்லை. காதர் பாய் போய் ஏழெட்டு வருஷமாகிறது. கோயிலில் உபதேசியாரோடு கூடப் பாடின செல்வமணி கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார், ஆனால் மகனையே யார் என்று கேட்கிறாராம். சந்தை நடந்த இடத்தில் அந்தப் பாட்டைக் கேட்டவர் வேறு யாராவது இருப்பார்களா என்று இரண்டு பேருமாக வெகுநேரம் யோசித்தோம். காபி ஆறிப்போனது. என்னையும் அவரையும் தவிர ஒரு பேரும் வரவில்லை.