புளிய விறகும் என் பிள்ளையும்

யுத்தம் முடிந்த மறுவருஷம் எனக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானதும், கரிவலம் பக்கம் ஒரு புளியமரத்தை விலைபேசச் சொல்லி வீட்டுக்காரரை விரட்டினேன். தொட்டில் பிறகு பார்க்கலாம், முதலில் விறகு என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பிரசவத்தில் வெந்நீர் அடுப்புக்கு வைத்த பச்சை விறகு எரியாமல் அறை முழுக்கப் புகை. பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. புகைதான் கொன்றது என்று மனசில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

வைகாசியில் பிளந்த விறகு வந்தது. வீட்டுக்காரர் கொல்லைச் சுவரோடு ஒட்டி, காற்றுப் புகாமல் நெருக்கி அடுக்கி அழகு பார்த்தார். சாயங்காலமே நான் அதைச் சரித்துவிட்டேன். புளிய விறகு லேசில் காயாது. சுவரை விட்டுத் தள்ளி, வரிசைக்கு வரிசை குறுக்கே போட்டு, இடைவெளி விட்டு அடுக்கினேன். கீழே கொடுக்கக் கல் போதவில்லை. அடிவரிசை மண்ணிலேயே கிடந்தது.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினம் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவேன். ஈரமென்றால் தொப்பென்று கேட்கும், காய்ந்தால் ணங்கென்னும். ஆடித்தபசுக்கு ஊரே கோவிலில் நின்றது. நான் விறகைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு விறகோட என்ன மல்லுக்கட்டுதே?" என்றார் வீட்டுக்காரர். நான் அடுத்த கட்டையை எடுத்துத் தட்டினேன்.

புரட்டாசிக் கடைசியில் மேல்வரிசைகள் ணங்கென்றன. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓலை போட்டு மூடினேன். மழையின் நாலாம் நாள், எனக்கு முதல் பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் புருஷன் இறந்துபோனார். காய்ந்த விறகு என் கொல்லையில்தான் இருக்கிறதென்று நாலு பேர் வந்து நின்றார்கள்.

"புள்ளத்தாச்சி வீட்டு விறகையா சுடுகாட்டுக்குக் கேக்கிய?" என்று கத்தினேன்.

அவர்கள் திரும்பி நடந்தார்கள். என் முதல் பிரசவத்தன்று மருத்துவச்சி அம்மாள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வாசல்வரை ஓடி அவர்களைக் கூப்பிட்டேன். எடுத்துப்போங்கள் என்றேன். அடிவரிசை மட்டும் மிஞ்சியது, நனைந்துபோய்.

பதினாறு கழியுமுன் எனக்கு வலி கண்டுவிட்டது. தீட்டோடு அந்த அம்மாள் எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். கொல்லை வழியாக வந்துவிட்டார். அடுப்பை மூட்டியதும் அதே புகை.

"ஐயோ, இதுவும் போயிரும்! தீய அணைங்க!" என்று அலறினேன்.

அந்த அம்மாள் என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். "ஒன் மொதப் புள்ள புகையால ஒண்ணும் சாகலட்டி. அது பொறக்கும்போதே நீலம் பாரிச்சுத்தான் இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒன்னயவே திட்டிக்கிட்டுக் கெடப்பே. விறகத் திட்டட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அந்த ஆத்திரத்தில் முக்கியபோதுதான் பிள்ளை வந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத புகை. அதற்குள்ளிருந்து அது வீறிட்டு அழுதது.